திரைப்பதிவும் தனி ஆடியோவும் போகப் போக விலகுகிறதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கணினித் திரையை ஒரு மென்பொருளில் பதிவு செய்கிறீர்கள். குரலை மட்டும் நல்ல மைக்கில், தனி ரெக்கார்டரிலோ போனிலோ எடுக்கிறீர்கள். அப்புறம் எடிட்டரில் இரண்டையும் சேர்க்கிறீர்கள். தொடக்கத்தில் கச்சிதமாகப் பொருந்துகிறது. நாற்பது நிமிடம் தாண்டிப் பார்த்தால், "இப்போது இந்த மெனுவைத் திறக்கிறேன்" என்று குரல் சொல்லும்போது திரையில் மெனு திறந்து மூடியே விட்டது.

பாடம் எடுப்பவர்கள், மென்பொருள் செய்முறை காட்டுபவர்கள், பேட்டி எடுப்பவர்கள் எல்லாருக்கும் வரும் சிக்கல் இது. காரணம் ஒன்றல்ல, நான்கைந்து உண்டு. ஒன்றுக்குச் செய்யும் வைத்தியம் இன்னொன்றைக் கெடுத்துவிடும். அதனால் எதையும் வெட்டுவதற்கும் இழுப்பதற்கும் முன்னால் அளந்து பாருங்கள். கீழே உள்ள பதில்களில் பாதி அளப்பதைப் பற்றித்தான்.

ஆடியோ பொருந்தவில்லை. முதலில் எதைப் பார்ப்பது?

டைம்லைனில் மூன்று இடங்களைப் பாருங்கள்: தொடக்கம், நடு, முடிவு. மூன்றிலும் ஆடியோ எத்தனை மில்லிவிநாடி முந்துகிறது அல்லது பின்தங்குகிறது என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பாதி விடை அந்த மூன்று எண்களிலேயே இருக்கும்.

மூன்றும் ஒரே எண்ணாக இருந்தால் அது விலகலே இல்லை. ஆடியோவை ஒருமுறை நகர்த்தி வைத்தால் வேலை முடிந்தது. தொடக்கத்தில் 0, நடுவில் 140, முடிவில் 280 என்று சீராக ஏறினால் இரண்டு கருவிகளின் வேகம் ஒன்றாக இல்லை. பாதி வரை 0, ஓரிடத்தில் திடீரென்று 300, அங்கிருந்து கடைசி வரை அதே 300 என்றால் அந்த இடத்தில் ஏதோ ஒன்று பதிவாகாமல் விட்டுப்போயிருக்கிறது. எண்கள் ஏறியும் இறங்கியும் அலைந்தால் வீடியோவின் ஃபிரேம் ரேட்டை, அதாவது விநாடிக்கு எத்தனை படம் (ஃபிரேம்) என்பதை, சந்தேகியுங்கள்.

முடிவில் 300 மில்லிவிநாடி தள்ளியிருப்பதைக் கண்டதும் ஆடியோ முழுவதையும் இழுத்து நீட்டிவிடுகிறவர்கள் நிறையப் பேர். அது நடுவில் நடந்த ஒரு குதிப்பாக இருந்தால், சரியாக இருந்த முதல் பாதியும் சேர்ந்து கெட்டுப்போகும். அதனால்தான் இரண்டு இடம் போதாது, மூன்று வேண்டும் என்கிறேன். நீளமான பதிவானால் ஐந்து இடம் பாருங்கள்.

மில்லிவிநாடிக் கணக்கில் எப்படி அளப்பது?

திரைப்பதிவிலும் ஒரு ஒலித்தடம் இருக்க வேண்டும். லேப்டாப்பின் உள் மைக் எடுத்த, கேட்கச் சகிக்காத ஒலியானாலும் பரவாயில்லை. அதை யாரும் கேட்கப்போவதில்லை, அளக்க மட்டும்தான். பதிவின் தொடக்கத்தில் ஒருமுறையும் முடிவில் ஒருமுறையும் பளிச்சென்று கைதட்டுங்கள். இரண்டு மைக்கிலும் அது விழும்.

எடிட்டரில் இரண்டு ஆடியோவையும் ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்து, ஒரு விநாடி திரை முழுக்க விரியும் அளவுக்குப் பெரிதாக்குங்கள். நல்ல மைக்கில், அதுவரை தட்டையாக வந்த கோடு சட்டென்று செங்குத்தாக எழுந்து உடனே அடங்கும். உள் மைக்கில் அதே தட்டல் சற்று மழுங்கி, அறையின் எதிரொலி சேர்ந்து வால் நீண்டு தெரியும். உச்சியோடு உச்சியைப் பொருத்தாதீர்கள். எதிரொலி கூடியதால் உள் மைக்கின் உச்சி சில மில்லிவிநாடி தள்ளிப் போயிருக்கலாம். கோடு முதன்முதலாக எழும் புள்ளியை இன்னொன்றின் எழும் புள்ளியோடு ஒப்பிடுங்கள்.

இன்னொரு விஷயம். பல வீடியோ எடிட்டர்கள் கிளிப்பை ஒரு ஃபிரேம் அளவுக்குத்தான் நகர்த்தவிடும். 30 ஃபிரேம் வீடியோவில் ஒரு ஃபிரேம் என்பது 33 மில்லிவிநாடி. அளப்பதற்கு அது மிகப் பெரிய படி. ஆடாசிட்டி போன்ற ஆடியோ எடிட்டரில் இரண்டு தடங்களையும் திறந்து அளந்தால் மில்லிவிநாடி வரை கிடைக்கும்.

மைக் தள்ளி இருந்தால் ஒலி வந்து சேரும் நேரமும் சேருமே என்று சிலர் கேட்பார்கள். ஒலி விநாடிக்கு ஏறக்குறைய 343 மீட்டர் போகிறது, ஆக ஒரு மீட்டருக்கு 3 மில்லிவிநாடி. தொடக்கத்திலும் முடிவிலும் மைக் அதே இடத்தில் இருந்தால் இந்தத் தாமதமும் இரண்டு இடத்திலும் ஒன்றே. விலகலைக் கணக்கிடும்போது அது தானாகக் கழிந்துவிடும்.

எவ்வளவு விலகினால் பார்ப்பவருக்குத் தெரியும்?

சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் ஒளிபரப்புக்காக வெளியிட்ட பிடி.1359 பரிந்துரையில் இதற்கு எண்கள் உண்டு. ஒலி படத்தைவிட ஏறக்குறைய 45 மில்லிவிநாடி முந்தினாலோ 125 மில்லிவிநாடி பின்தங்கினாலோ பார்ப்பவர்கள் கவனிக்கத் தொடங்குகிறார்கள். 90 முந்துவதும் 185 பின்தங்குவதும் ஏற்கத்தக்க எல்லையின் விளிம்பு. ஒலி பிந்தி வருவதை நாம் ஓரளவு பொறுத்துக்கொள்கிறோம், முந்தி வருவதைப் பொறுப்பதில்லை. தூரத்து ஓசை கண்ணுக்குப் பிறகுதான் காதுக்கு வரும் என்று வாழ்நாள் முழுக்கப் பழகியவர்கள் நாம்.

திரையில் முகம் இல்லை, கர்சர் மட்டும்தான் என்றால் 150 மில்லிவிநாடி விலகினாலும் பெரும்பாலும் யாரும் கவனிக்க மாட்டார்கள். மூலையில் முகம் தெரியும் வெப்கேம் சதுரம் இருந்தால் கணக்கு வேறு. உதட்டசைவு உடனே காட்டிக்கொடுத்துவிடும். விசைப்பலகைச் சத்தமும் மௌஸ் கிளிக்கும் மைக்கில் தெளிவாக விழுகிற பதிவுகளிலும் அப்படித்தான்.

இரண்டுமே 48 கிலோஹெர்ட்ஸ்தான். இருந்தும் ஒரு மணி நேரத்தில் கால் விநாடி விலகுகிறதே, ஏன்?

அளவீட்டில் சீரான ஏற்றம் தெரிந்தால் இதுதான் பெரும்பாலும் காரணம். 48 கிலோஹெர்ட்ஸ் என்றால் ஒலியை விநாடிக்கு 48,000 முறை அளந்து பதிவது. ஒவ்வொரு அளவும் ஒரு சாம்பிள், அந்த எண்ணிக்கைதான் சாம்பிள் ரேட். 48 கிலோஹெர்ட்ஸ் என்று கருவி சொல்வது அதன் உள்ளே இருக்கும் குவார்ட்ஸ் படிகத்தின் கணக்கில். ஒவ்வொரு கருவியிலும் ஒரு படிகம் துடித்துக்கொண்டிருக்கிறது. அந்தத் துடிப்பை எண்ணித்தான் கருவி "ஒரு விநாடி ஆயிற்று" என்று முடிவு செய்கிறது. எந்த இரண்டு படிகமும் முழுக்க ஒரே வேகத்தில் துடிப்பதில்லை. பத்து லட்சத்தில் 20 பங்கு, 50 பங்கு என்று வேறுபடுவது சாதாரணக் கருவிகளில் இயல்பு. பழுது என்று நினைக்க வேண்டாம்.

சின்ன எண்ணாகத்தான் தெரியும். ஆனால் பத்து லட்சத்தில் ஒரு பங்கு என்பது ஒரு மணி நேரத்தில் 3.6 மில்லிவிநாடி. 50 பங்கு வேறுபாடு 180 மில்லிவிநாடி. ஒரு கருவி வேகமாகவும் மற்றது மெதுவாகவும் இருந்தால் இரண்டும் கூடிக் கால் விநாடியைத் தாண்டும். பத்து நிமிட வீடியோக்களில் இதே வேறுபாடு இருந்தும் நீங்கள் கவனித்திருக்க மாட்டீர்கள். முதன்முறையாக ஒரு மணி நேரம் பதிவு செய்யும்போதுதான் கண்ணில் படும்.

படிகத்தின் வேகம் வெப்பநிலைக்கு ஏற்பவும் கொஞ்சம் மாறும். இப்போதுதான் இயக்கிய ரெக்கார்டரும் இரண்டு மணி நேரம் ஓடிச் சூடான ரெக்கார்டரும் ஒன்றுபோல ஓடாது. எனவே ஒருமுறை கண்டுபிடித்த விகிதத்தை அடுத்த பதிவுக்குத் தோராயமாக வைத்துக்கொள்ளலாம், கண்ணை மூடிக்கொண்டு நம்பக் கூடாது.

சீரான விலகலைக் கணக்குப் போட்டுச் சரிசெய்வது எப்படி?

ஒரு எடுத்துக்காட்டோடு போவோம். திரைப்பதிவில் முதல் கைதட்டல் 12.400 விநாடியில் இருக்கிறது, கடைசிக் கைதட்டல் 58 நிமிடம் 42.400 விநாடியில். இடைப்பட்ட நேரம் 3510.000 விநாடி. ரெக்கார்டர் கோப்பில் முதல் தட்டல் 5.150 விநாடியில், கடைசி 58 நிமிடம் 35.430 விநாடியில். இடைப்பட்ட நேரம் 3510.280 விநாடி. அதாவது ரெக்கார்டர் கோப்பு 280 மில்லிவிநாடி நீளம் கூடியிருக்கிறது. முதல் தட்டலைப் பொருத்தி வைத்தால் கடைசித் தட்டல் படத்துக்கு 280 மில்லிவிநாடி பிந்திக் கேட்கும்.

3510.280-ஐ 3510.000-ஆல் வகுத்தால் 1.0000798 வரும். ஆடியோவை அந்த அளவுக்கு வேகமாக ஓட்ட வேண்டும். சதவீதத்தில் 100.008.

இங்கேதான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். நிறைய வீடியோ எடிட்டர்களில் வேகத்தை இரண்டு தசம இடம் வரைதான் கொடுக்க முடியும். 100.01 என்று போட்டால் ஒரு மணி நேரத்தில் 360 மில்லிவிநாடி நகர்ந்துவிடும், நமக்கு வேண்டியதைவிட அதிகம். 100.00 என்று விட்டால் ஒன்றுமே நடக்காது. எடிட்டரின் வேகப் பெட்டி இந்த வேலைக்குப் போதாது.

நான் பரிந்துரைப்பது சாம்பிள் ரேட் வழி. 48,000-ஐ 1.0000798-ஆல் பெருக்கினால் 48,003.83. ரெக்கார்டர் உண்மையில் விநாடிக்கு இத்தனை சாம்பிள் எடுத்திருக்கிறது, கோப்பின் மேல் 48,000 என்று எழுதியிருக்கிறது, அவ்வளவுதான். ஆடாசிட்டி 3 வரிசைப் பதிப்புகளில் அந்த ஆடியோவைத் திறந்து, டிராக் மெனுவில் 'ரேட்' போய், 'அதர்' தேர்ந்து 48004 என்று கொடுங்கள். தடம் உடனே சுருங்கும். திட்டத்தின் சாம்பிள் ரேட் 48000 ஆகவே இருக்கட்டும். அப்படியே வேவ் (சுருக்கப்படாத ஒலி) கோப்பாக ஏற்றுமதி செய்து, வீடியோ எடிட்டரில் பழைய ஆடியோவுக்குப் பதிலாக வையுங்கள். 48,003.83 என்பதை 48,004 ஆக்கியதால் முடிவில் 12 மில்லிவிநாடி அளவு பிழை நிற்கும். அது அரை ஃபிரேம்கூட இல்லை. ஒரு ஹெர்ட்ஸ் மாற்றம் ஒரு மணி நேரத்துக்கு 75 மில்லிவிநாடி என்று நினைவில் வைத்துக்கொண்டால் மனக்கணக்காகவே போட்டுவிடலாம்.

அதே மென்பொருளில் வேகத்தை மாற்றும் எஃபெக்டும் உண்டு. அதில் சதவீதத்துக்குப் பதில் புதிய நீளத்தையே கொடுக்கலாம். முதல் தட்டலிலிருந்து கடைசித் தட்டல் வரை வெட்டி எடுத்த ஆடியோவானால் அது இன்னும் நேரடி.

கணக்கு வேண்டாம். எளிய வழி இல்லையா?

உண்டு. பேச்சு மட்டும் உள்ள பதிவானால், பத்து நிமிடத்துக்கு ஒருமுறை மூச்சு விடும் இடைவெளியில் ஆடியோவை வெட்டி, அடுத்த துண்டை மீண்டும் பொருத்துங்கள். மேலே சொன்ன எடுத்துக்காட்டில் பத்து நிமிட விலகல் 48 மில்லிவிநாடிதான். மௌனத்தில் அவ்வளவைக் கூட்டினாலும் குறைத்தாலும் யாருக்கும் தெரியாது. பின்னணியில் மின்விசிறி இரைச்சல் இருந்தால் வெட்டிய இடத்தில் சின்னதாக ஒரு கிராஸ்ஃபேட் (ஒரு துண்டு அடங்க அடங்க அடுத்தது எழுவது) போடுங்கள். எப்படியும் நிறைய வெட்டப்போகிற வீடியோவுக்கு இதுதான் நல்ல வழி. இடைவெளியே இல்லாமல் இசை ஓடும் பதிவுக்கு இது ஆகாது.

வேகத்தை மாற்றினால் குரலின் சுருதி மாறிவிடாதா?

மாறும், ஆனால் காதுக்கு எட்டாது. பத்து லட்சத்தில் 80 பங்கு வேக மாற்றம் என்பது ஒரு அரைச்சுர இடைவெளியை நூறாகப் பிரித்தால் வரும் ஒரு கூறில் ஏழில் ஒரு பங்கு. தேர்ந்த இசைக்கலைஞர்கூடக் கண்டுபிடிக்க முடியாது.

எனவே 'சுருதி மாறாமல் வேகம் மாற்று' என்கிற வசதியை இங்கே பயன்படுத்தாதீர்கள். அது ஒலியைச் சின்னச் சின்னத் துண்டுகளாக நறுக்கி, சிலவற்றை மேலேற்றி ஒட்டித்தான் நீளத்தை மாற்றுகிறது. பேச்சில் லேசான நடுக்கமும் உலோகச் சாயலும் வர வாய்ப்புண்டு. இல்லாத சிக்கலைத் தவிர்க்கப்போய்ப் புதுச் சிக்கலை வாங்கிக்கொள்வதுபோல் ஆகும். சுருதியும் சேர்ந்து மாறும் சாதாரண வேக மாற்றமே இங்கே சுத்தமானது.

ஒரு மணி நேரத்தில் மிகச் சரியாக மூன்றரை விநாடி விலகுகிறது. இது என்ன?

3.6 விநாடியா என்று பாருங்கள். ஆம் என்றால் படிகத்தின் மேல் பழிபோட வேண்டாம். எங்கோ 30-உம் 29.97-உம் குழம்பியிருக்கின்றன. 1953-இல் அமெரிக்கா வண்ணத் தொலைக்காட்சிக்குத் தரம் வகுத்தபோது 30-ஐ 1000-க்கு 1001 என்ற விகிதத்தில் குறைத்தார்கள். அந்த 0.1 சதவீதம் இன்றும் நம் எடிட்டர்களில் உட்கார்ந்திருக்கிறது. 24-க்கும் 23.976-க்கும், 60-க்கும் 59.94-க்கும் அதே விகிதம்தான்.

வெறுமனே டைம்லைன் 29.97-இலும் கிளிப் 30-இலும் இருப்பதால் விலகல் வராது. எடிட்டர் ஒரு ஃபிரேமை அவ்வப்போது விட்டுவிட்டு நேரத்தைக் காப்பாற்றும். யாராவது கிளிப்பின் ஃபிரேம் ரேட்டை 'இப்படி எடுத்துக்கொள்' என்று மாற்றியிருந்தால், அல்லது ஒரு மாற்றுக் கருவி அப்படிச் செய்திருந்தால், அப்போதுதான் படத்தின் நீளமே மாறும். அந்த அமைப்பைப் பழையபடி திருப்புங்கள், ஆடியோவைத் தொடாதீர்கள்.

ஐந்து நிமிடம் விலகுகிறது, குரலும் மாறிக் கேட்கிறது.

44,100-க்கும் 48,000-க்கும் இடையிலான குழப்பம். 48,000-இல் எடுத்த ஒரு மணி நேரத்தை 44,100 என்று நினைத்து ஓட்டினால் 65 நிமிடம் 18 விநாடி நீளும், குரல் கனத்துச் சோம்பலாகக் கேட்கும். தலைகீழாக நடந்தால் 55 நிமிடம் 7 விநாடியில் முடிந்துவிடும், குரல் கீச்சென்று ஏறும். ஒழுங்கான கோப்புகளை எடிட்டர் தானாக மாற்றிக்கொள்ளும். எனவே இப்படி நடந்தால், கோப்பின் மேல் தவறான எண் எழுதப்பட்டிருக்கிறது. மேலே சொன்ன ஆடாசிட்டி வழியிலேயே சரியான ரேட்டைக் கொடுத்துவிடலாம். இனி வராமலிருக்க, மைக், இயங்குதளத்தின் ஒலி அமைப்பு, பதிவு மென்பொருள், எடிட்டர் நான்கிலும் 48,000 வையுங்கள்.

பிளேயரில் சரியாக ஓடும் திரைப்பதிவு, எடிட்டரில் போட்டால் மட்டும் அலைகிறது. ஏன்?

அந்தக் கோப்பின் ஃபிரேம் ரேட் நிலையாக இல்லை. திரைப்பதிவுகளில் அதிகம் வரும் சிக்கல் இது. வழக்கமான வீடியோ கேமரா பொதுவாக ஒரே சீரில் படம் எடுக்கும். திரைப்பதிவு மென்பொருள்கள் பல, குறிப்பாகப் போன்களில் உள்ளவை, திரை மாறினால்தான் புது ஃபிரேம் எழுதும். ஒரு ஸ்லைடு இரண்டு நிமிடம் அசையாமல் நின்றால் அந்த நேரத்தில் ஒரு சில ஃபிரேம்தான் இருக்கும். வேகமாக ஸ்க்ரோல் செய்யும்போது 60 வரை போகும். ஒவ்வொரு ஃபிரேமுக்கும் 'இந்த நேரத்தில் காட்டு' என்று ஒரு முத்திரை உண்டு. பிளேயர் அந்த முத்திரையை மதித்துக் காட்டுவதால் எல்லாம் சரியாகத் தெரிகிறது.

சில எடிட்டர்கள் அதை மதிப்பதில்லை, அல்லது அரைகுறையாக மதிக்கின்றன. சராசரி ஃபிரேம் ரேட்டை எடுத்துக்கொண்டு எல்லா ஃபிரேம்களையும் சம இடைவெளியில் அடுக்கிவிடும். அப்போது ஸ்லைடு நின்ற பகுதி சுருங்கும், ஸ்க்ரோல் செய்த பகுதி நீளும். ஆடியோவோ சரியான நேரத்தில் போய்க்கொண்டிருக்கும். விலகல் ஏறி இறங்கி அலைவது இதனால்தான். இதை ஆடியோவின் வேகத்தை மாற்றித் தீர்க்கவே முடியாது. எவ்வளவு முயன்றாலும் ஓரிடம் பொருந்தினால் இன்னோரிடம் விலகும்.

உறுதிசெய்ய, மீடியாஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் கோப்பைத் திறந்து ஃபிரேம் ரேட் மோட் என்ற வரியைப் பாருங்கள். 'வேரியபிள்' என்றிருந்தால் கீழே உள்ள குறைந்தபட்ச, அதிகபட்ச எண்களையும் பாருங்கள். 29.4, 30.6 என்று நெருக்கமாக இருந்தால் கவலை வேண்டாம். 2, 60 என்று எட்ட இருந்தால் இதுதான் காரணம்.

தீர்வு, எடிட்டருக்குள் கொண்டுபோகும் முன் கோப்பை மாற்றுவது. ஹேண்ட்பிரேக் என்ற வீடியோ மாற்றும் மென்பொருளில் வீடியோ பகுதிக்குப் போய் ஃபிரேம் ரேட்டை 30 அல்லது 60 என்று கொடுத்து, 'கான்ஸ்டன்ட்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். 'மூலத்தில் உள்ளபடி' என்று விடாதீர்கள். தரத்துக்கான எண்ணை 16 முதல் 18 வரை வையுங்கள். எண் குறையக் குறையத் தரம் கூடும். திரைப்பதிவில் சிறிய எழுத்துகள் இருக்கும், தரம் சற்றுக் குறைந்தாலும் அவைதான் முதலில் மங்கும். கட்டளைவரி பழகியவர்கள் எஃப்எஃப்எம்பெக் கொண்டு இதையே செய்யலாம்.

மாற்றிய பிறகு மீண்டும் மூன்று இடத்தில் அளந்து பாருங்கள். அலைச்சல் போய், இப்போது சீரான ஒரு சிறு ஏற்றம் மட்டும் மிஞ்சியிருக்கலாம். அது படிக வேறுபாடு. இரண்டு காரணங்களும் ஒரே கோப்பில் சேர்ந்திருப்பது சகஜம். முதலில் ஃபிரேம் ரேட், பிறகு வேகம். இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

ஓரிடத்தில் மட்டும் திடீரென்று குதிக்கிறது.

அந்த நேரத்தில் கணினி திணறியிருக்கிறது. பின்னணியில் பெரிய அப்டேட், நிரம்பிய டிஸ்க், சூட்டால் வேகம் குறைந்த ப்ராசஸர் என்று எதுவாகவும் இருக்கலாம். ஆடியோவின் சில துண்டுகள் எழுதப்படாமல் போயிருக்கும். ஓபிஎஸ் என்ற திரைப்பதிவு மென்பொருளில் பதிவு செய்பவர்கள் 'ஸ்டாட்ஸ்' பலகையைத் திறந்து வைத்தால் தவறிய ஃபிரேம்களின் எண்ணிக்கை ஏறுவதைப் பதிவின்போதே பார்க்கலாம்.

குதித்த இடத்தைத் தேடும்போது பாதிப் பாதியாகப் போங்கள். நடுவில் சரியாக இருந்தால் பின்பாதி, இல்லையென்றால் முன்பாதி. ஐந்தாறு தடவையில் அந்த இடத்துக்கு வந்துவிடுவீர்கள். அங்கே வெட்டி, மீதியை நகர்த்துங்கள். வேறெதுவும் செய்ய வேண்டாம்.

போனின் குரல் பதிவுச் செயலியைப் பயன்படுத்தலாமா?

தாராளமாக. ஆனால் அமைப்புகளில் ஒன்றைக் கட்டாயம் பாருங்கள்: மௌனத்தைத் தவிர்க்கும் வசதி. சில செயலிகளிலும் கையடக்க ரெக்கார்டர்களிலும் நீங்கள் பேசாதபோது பதிவைத் தானாக நிறுத்தி, பேசத் தொடங்கியதும் தொடரும் ஏற்பாடு உண்டு. குறிப்பெடுக்க அருமையான வசதி, ஆடியோவைப் படத்தோடு பொருத்த (சிங்க் செய்ய) விஷம். மூச்சு விட்ட நேரமெல்லாம் காணாமல் போயிருக்கும், அதை எந்தக் கணக்காலும் மீட்க முடியாது. அணைத்துவிடுங்கள்.

முடிந்தால் வேவ் வடிவில் எடுங்கள். பிட்ரேட் (விநாடிக்கு எழுதும் தரவின் அளவு) மாறிக்கொண்டே இருக்கும் எம்பி3 கோப்பில் குறிப்பிட்ட நேரத்துக்குத் தாவும்போது சில எடிட்டர்கள் இடத்தைத் தோராயமாகவே கணிக்கும். உண்மையில் விலகாத ஆடியோவும் விலகியதுபோல் தெரியும். ஏற்கெனவே எம்பி3-ஆகத்தான் இருக்கிறது என்றால், அதை முதலில் வேவ் ஆக மாற்றிக்கொண்டு அப்புறம் அளந்து பாருங்கள்.

ரெக்கார்டர் ஒரே பதிவை இரண்டு மூன்று கோப்பாகப் பிரித்துவிட்டது.

கோப்பின் அளவு வரம்பு அது. பல ரெக்கார்டர்கள் 2 ஜிபி ஆனதும் புதுக் கோப்பு தொடங்கும். 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், ஸ்டீரியோவில் ஏறக்குறைய 2 மணி 4 நிமிடம் வரும். கோப்புகளை இடைவெளியே விடாமல் ஒட்டி, பிறகு வேகத்தைச் சரிசெய்யுங்கள். ஒட்டிய இடத்துக்கு முன்னும் பின்னும் அளந்து பார்ப்பது நல்லது.

எடிட்டரின் 'ஆட்டோ சிங்க்' இதையெல்லாம் பார்த்துக்கொள்ளாதா?

அலைவடிவங்களை ஒப்பிட்டு ஆடியோவைச் சரியான இடத்தில் கொண்டுபோய் வைக்கும். அதோடு அதன் வேலை முடிந்தது. பொதுவாக வேகத்தை அது தொடுவதில்லை. இன்னொன்று, நீளமான பதிவில் எந்த இடத்தை வைத்துப் பொருத்தியது என்று உங்களுக்குத் தெரியாது. நடுவில் பொருத்தியிருந்தால் தொடக்கத்தில் முந்தியும் முடிவில் பின்தங்கியும் இருக்கும். வேகத்தைச் சரிசெய்த ஆடியோவைக் கொடுத்து ஆட்டோ சிங்க் செய்தால் நன்றாக உதவும்.

ஓபிஎஸ்ஸில் சிங்க் ஆஃப்செட் இருக்கிறதே?

அது ஆடியோ முழுவதையும் ஒரே அளவு நகர்த்தும் அமைப்பு, நிலையான தாமதத்துக்கு மட்டும். எல்லா இடத்திலும் ஒரே எண் வந்தால் அதைப் பயன்படுத்துங்கள்.

எடிட் செய்யும்போது விலகித் தெரிகிறது, ஏற்றுமதி செய்தால் சரியாக இருக்கிறது.

புளூடூத் ஹெட்போன் போட்டிருக்கிறீர்களா? ஒலி காதுக்கு வர நூறு, இருநூறு மில்லிவிநாடி தாமதமாவது அதில் சகஜம். சிங்க் பார்க்கும் வேலைக்கு வயர் ஹெட்போன்தான்.

வீடியோ அழைப்பில் பேட்டி எடுத்தேன். விருந்தினர் அவர் பக்கத்தில் தனியாக ஆடியோ எடுத்து அனுப்பினார். அழைப்பின் பதிவோடு பொருந்தவே மாட்டேன் என்கிறது.

அழைப்பின் ஒலியை அளவுகோலாக வைத்தால் பொருந்தாது. இணையத்தில் தரவு ஒரே சீராக வராது. அதைச் சமாளிக்க அழைப்பு மென்பொருள் ஒலியைக் கணத்துக்குக் கணம் சற்று நீட்டியும் சுருக்கியும் ஓட்டுகிறது. எனவே அழைப்பின் பதிவில் விருந்தினரின் குரல் உள்ள நேரமே அலைந்துகொண்டிருக்கும். அவர் அனுப்பிய கோப்புதான் உண்மையானது.

உங்கள் சொந்தத் தனி ஆடியோவை நிலையாக வைத்து, விருந்தினரின் கோப்பைக் கேள்வி பதில் ஓட்டத்தை வைத்துப் பொருத்துங்கள். முடிவில் எவ்வளவு விலகுகிறது என்று பார்த்து, மேலே சொன்னபடி வேகத்தைச் சரிசெய்யுங்கள். இருவரின் ஆடியோ ஒன்றுக்கொன்று சரியானபின், அழைப்பின் வீடியோவை வெட்டி வெட்டி அதற்கேற்ப வையுங்கள். ஆடியோவை வீடியோவுக்காக வளைப்பதைவிட, இங்கே வீடியோவை ஆடியோவுக்காக வெட்டுவது மேல். படத்தில் ஒரு ஃபிரேம் குறைந்தால் தெரியாது, பேச்சில் ஒரு அசை குறைந்தால் தெரியும்.

டைம்கோடு உள்ள கருவி வாங்கினால் தீருமா?

டைம்கோடு என்பது பதிவோடு சேர்ந்து எழுதப்படும் நேர முத்திரை. எங்கே பொருத்துவது என்று அது சொல்லும். வேகத்தை ஒன்றாக்காது. இரண்டு கருவியும் ஒரே துடிப்பில் ஓடினால்தான் விலகல் இல்லாமல் போகும்.

அடுத்த பதிவில் விலகலே வராமல் எடுப்பது எப்படி?

குரலையும் திரைப்பதிவு மென்பொருளிலேயே, ஒரே மைக் வழியாக எடுக்க முடியுமானால் அதுதான் முதல் வழி. நேரத்தை ஒரே மென்பொருள் கவனித்துக்கொள்ளும். இரண்டு மைக் வேண்டுமென்றால், இரண்டு யூஎஸ்பி மைக் வாங்காமல், இரண்டு உள்ளீடு கொண்ட ஒரே ஆடியோ இன்டர்ஃபேஸ் (மைக்குகளைக் கணினியோடு இணைக்கும் பெட்டி) வாங்குங்கள். யூஎஸ்பி மைக் ஒவ்வொன்றிலும் தனிப் படிகம் உண்டு, இன்டர்ஃபேஸில் இரண்டு மைக்குக்கும் ஒரே படிகம். மேக் கணினியில் இரண்டு கருவிகளை ஒன்றுபோல் இயங்கும் அக்ரிகேட் டிவைஸாகச் சேர்ப்பவர்கள், இரண்டாவது கருவிக்கு எதிரே உள்ள 'டிரிஃப்ட் கரெக்ஷன்' கட்டத்தில் டிக் செய்ய மறக்க வேண்டாம்.

தனி ரெக்கார்டர்தான் வேண்டும் என்றால், திரைப்பதிவில் உள் மைக்கை இயக்கியே வையுங்கள், இரு முனையிலும் கைதட்டுங்கள், பதிவை இருபது முப்பது நிமிடப் பகுதிகளாகப் பிரித்து எடுங்கள். அரை மணி நேரத்தில் 50 பங்கு வேறுபாடு 90 மில்லிவிநாடிதான் ஆகும்.

கைதட்டவில்லை, திரைப்பதிவில் ஆடியோவும் இல்லை. இனி ஒன்றும் செய்ய முடியாதா?

முடியும், பொறுமை வேண்டும். உங்கள் தனி ஆடியோவில் விசைப்பலகைச் சத்தமோ மௌஸ் கிளிக்கோ விழுந்திருக்கும். பதிவின் தொடக்கத்தில் ஏதாவது தட்டச்சு செய்த இடத்தைத் தேடுங்கள். எழுத்து திரையில் தோன்றும் ஃபிரேமையும் விசைச் சத்தத்தையும் ஒப்பிடுங்கள். ஒற்றை விசையை நம்பாமல் ஒரு முழுச் சொல்லை எடுத்துக்கொண்டால், தட்டல்களின் தாளத்தை வைத்து எந்தச் சத்தம் எந்த எழுத்து என்று உறுதியாகத் தெரியும். முடிவிலும் அதே போல ஒரு சொல்.

விசையை அழுத்தியதற்கும் எழுத்து திரையில் வருவதற்கும் சில பத்து மில்லிவிநாடி தாமதம் உண்டு. அது இரண்டு முனையிலும் ஏறக்குறைய ஒன்றுதான் என்பதால் வேகக் கணக்கைப் பெரிதாகப் பாதிக்காது. இரண்டு இடத்திலும் ஒரே மென்பொருளில் தட்டச்சு செய்த சொல்லாகப் பாருங்கள். உலாவியில் ஒன்று, கனமான எடிட்டரில் ஒன்று என்றால் தாமதம் வேறுபடும். இப்படி அளப்பதில் ஒரு ஃபிரேம் அளவு பிழை எப்போதும் இருக்கும், எனவே இரண்டு சொற்களும் எவ்வளவுக்கு எவ்வளவு தள்ளி இருக்கின்றனவோ அவ்வளவுக்கு விகிதம் துல்லியமாகும். விகிதம் கிடைத்ததும் ஆடாசிட்டி வழியில் வேகத்தை மாற்றி, நடுவில் உள்ள இன்னொரு சொல்லில் வைத்துச் சரிபாருங்கள்.